கணக்குக் கொப்பி மாறுகிற நாள்



இந்த மாதம் குளிர்கால உணவைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். சென்ற வாரம் ஒரு சகோதரி தன் போனைக் கொண்டுவந்து ஒரு செய்தியைக் காட்டினார். அதைப் பார்த்ததும் 2024 செப்டெம்பரில் நடந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வந்துவிட்டது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அன்று அக்கரப்பத்தனையில் காலையிலிருந்து மழை. அஸர் தொழுகை முடிந்த நேரம், எங்கள் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் ராத்தா முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தார். கையில் மகளுடைய போன். முகத்தில் பதற்றம். அவருடைய மகன் கட்டாரில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறான். கூட இருக்கும் பையன்கள் சொன்னதைக் கேட்டு, மூன்று மாதத்து மிச்சத்தை ‘மெட்டிக்’ என்ற கம்ப்யூட்டர் நாணயமாக வாங்கி வைத்திருந்தான். விடுமுறையில் வந்தபோது, தன் போன் தொலைந்தாலும் காசு தொலையக் கூடாதென்று, 12 ஆங்கிலச் சொற்களை ஒரு தாளில் எழுதி உம்மாவின் கையில் கொடுத்து, “யாருக்கும் காட்ட வேண்டாம் உம்மா” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

இப்போது குடும்பத்து வாட்ஸ்அப்பில் யாரோ தள்ளிவிட்ட ஒரு செய்தி. மெட்டிக் பழசாகிவிட்டதாம். செப்டெம்பர் 4ஆம் திகதியோடு செல்லாதாம். கீழே உள்ள இடத்தில் 12 சொற்களையும் எழுதிக் கொடுத்தால், புதிய ‘பொல்’ நாணயமாக மாற்றித் தருவார்களாம்.

“பொல் என்றால் சிங்களத்தில் தேங்காய் அல்லவா? என் மகன் தேங்காய்க்கா காசு போட்டிருக்கிறான்?” என்று ராத்தா கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. மழைக்குள் நனைந்து வந்தவரிடம் சிரித்தது தப்புத்தான்.

செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் இருந்த சங்கடம் என்ன தெரியுமா? பாதி உண்மை. மெட்டிக், பொல் ஆக மாறியது உண்மை. 2024 செப்டெம்பர் 4 என்ற திகதியும் உண்மை. பொய் கடைசி வரியில் மட்டும்தான் இருந்தது. முழுப் பொய்யை நம் பெண்கள் எளிதில் பிடித்துவிடுவார்கள். இந்த மாதிரிப் பொய்யைப் பிடிக்க வேண்டுமானால், அந்த வலையமைப்பில் மாற்றம் என்பது எப்படித் திட்டமிடப்படுகிறது, யார் செய்கிறார்கள் என்று கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை தன் புத்தகத்தில் கிலோவை எழுதுகிறார். கெட்டிக்காரப் பெண்கள் தங்களிடமும் ஒரு துண்டுக் கணக்கு வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் ஒரு பேர் அரைப்பேர் ஆகிவிடும். கேட்க ஆதாரம் இருக்காது. பிளாக்செயின் என்பது, கணக்கப்பிள்ளை இல்லாமல், மலையில் நிற்கும் எல்லாரும் ஒரே கணக்குப் புத்தகத்தை வைத்திருப்பது போன்றது. ஒரு பக்கம் நிரம்பியதும் எல்லாரும் ஒத்துப்பார்த்து, சரி என்றால் அடுத்த பக்கம். பழைய பக்கத்தில் ஒருவர் கள்ளமாகத் திருத்தினால் மற்றவர்களின் புத்தகம் காட்டிக் கொடுத்துவிடும்.

எத்தீரியம் என்பது அப்படியான பெரிய புத்தகங்களில் ஒன்று. அதில் 12 விநாடிக்கு ஒரு பக்கம்தான் புரளும். உலகம் முழுக்க எழுத வருகிறவர்கள் கூடிவிட்டால் நெரிசல்; ஒரு வரி எழுதவே பெரிய கட்டணம். இதற்கு என்ன வழி? நம் கடைத்தெருவில் வழி எப்போதோ கண்டுபிடித்தாயிற்று! தோட்டத்துக் குடும்பம் கடையில் பருப்பு வாங்குகிறது, உப்பு வாங்குகிறது, பிள்ளைக்கு பிஸ்கட் வாங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் யாரும் ஹட்டன் வங்கிக்குப் போவதில்லை. கடை நானாவின் கொப்பியில் பற்று எழுதி, சம்பள நாளில் மொத்தமாகத் தீர்க்கிறார்கள். சிறிய வரவு செலவுகளைப் பக்கத்தில் ஒரு கொப்பியில் விரைவாக எழுதிக்கொண்டு, சுருக்கத்தை மட்டும் இடைக்கிடை பெரிய புத்தகத்தில் பதிகிற வலையமைப்புகள் எத்தீரியத்தைச் சுற்றி நிறைய வந்துவிட்டன. ஆர்பிட்ரம், ஒப்டிமிசம், பேஸ் என்று பல பெயர்கள். ஒவ்வொன்றும் பெரிய புத்தகத்தோடு கட்டப்பட்டிருக்கும் விதம் வேறு வேறு. அந்த நுணுக்கம் இப்போது வேண்டாம்.

ராத்தாவின் மகன் காசு போட்டது பொலிகன் என்ற கொப்பியில். இது நம் பக்கத்து நாட்டில் பிறந்தது. 2017இல் ஜயந்தி கனானி, சந்தீப் நைல்வால், அனுராக் அர்ஜுன் என்ற மூன்று இந்திய இளைஞர்கள் மெட்டிக் என்ற பெயரில் தொடங்கினார்கள். சேர்பிய நாட்டவரான மிஹாய்லோ பியெலிச்சும் அவர்களோடு சேர்ந்தார். 2021 பெப்ரவரியில் வலையமைப்பின் பெயர் பொலிகன் ஆனது. நாணயத்தின் பெயர் மட்டும் மெட்டிக் என்றே இருந்தது.

இனிக் கதையின் முக்கிய இடம். இந்தக் கொப்பியில் எழுதும் முறையை மாற்ற வேண்டுமானால் என்ன செய்வது?

தோட்டமாக இருந்தால் துரை உத்தரவு போடுவார், காலையில் பிரட்டுக் களத்தில் அறிவிப்பார்கள், முடிந்தது. றாத்தல் கணக்குக் கிலோ கணக்கானதும் அப்படித்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அன்று ஒரு மலையில் கிலோத் தராசும் இன்னொரு மலையில் றாத்தல் தராசும் தொங்கியிருந்தால் செக்றோல் என்னவாகியிருக்கும்? எல்லாத் தராசும் ஒரே காலையில் மாறினால்தான் கணக்கு நிற்கும். இங்கேயோ துரை இல்லை. புத்தகம் வைத்திருப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஒருவருக்கு இரவு, இன்னொருவருக்குப் பகல். ஆகவே திகதி சொல்லாமல் பக்கத்து எண்ணைச் சொல்கிறார்கள். ‘இத்தனையாவது பக்கத்திலிருந்து புதிய முறை. அதற்கு முன் எல்லாரும் உங்கள் கம்ப்யூட்டரில் புதிய மென்பொருளைப் போட்டுவிடுங்கள்.’ அந்தப் பக்கம் வந்ததும் எல்லா இயந்திரங்களும் தாமாகப் புதிய முறைக்குத் தாவும். போடாதவர் பழைய முறையிலேயே எழுதிக்கொண்டு தனியே நிற்பார். இதற்கு ஹார்ட் ஃபோர்க் என்று பெயர். பாதை இரண்டாகப் பிரியும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தீரியத்தின் மாற்றங்களுக்கு பெர்லின், லண்டன், ஷாங்காய் என்று ஊர்ப் பெயர்கள் உண்டு. பொலிகன்காரர்கள் இந்திய ஊர்களை எடுத்துக்கொண்டார்கள்: டில்லி, இந்தூர், ஆக்ரா, அகமதாபாத், பிலாய். ஆக்ரா என்று படித்தபோது நம் ஊர் ஆக்ரா ஓயாதான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. தாஜ்மஹால் பிறகுதான்!

டில்லி என்ற மாற்றத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். அது 2023 ஜனவரி 17ஆம் திகதி, புத்தகத்தின் 3,81,89,056ஆவது பக்கத்தில் நடந்தது. இரண்டு குறைகளைத் தீர்க்கவே அந்த மாற்றம். முதலாவது, கட்டணம். கூட்டம் கூடும்போது எழுதும் கட்டணம் சட்டென்று பல மடங்கு ஏறியது. பெருநாளுக்கு முந்தின இரவு வான்காரர்கள் கேட்கும் கூலியைப் போல! கட்டணம் ஏறுவதைத் தடுக்க முடியாது. ஏறும் வேகத்தைப் பாதியாக்கலாம் என்று முடிவு செய்தார்கள். இரண்டாவது, எழுதுபவரின் முறை. அதுவரை ஒருவர் தொடர்ந்து 64 பக்கங்கள் எழுதிவிட்டுத்தான் அடுத்தவரிடம் பேனாவைக் கொடுப்பார். பக்கத்துக்கு 2 விநாடி. இடையில் தொடர்பு அறுந்து, இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதிவிட்டால், ஒருவர் எழுதிய பக்கங்களைக் கிழித்துப் போட வேண்டும். ‘காசு வந்துவிட்டது’ என்று பார்த்துச் சந்தோஷப்பட்டவருக்கு, கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமே இல்லாமல் போகலாம். ஆகவே 64ஐ 16 ஆகக் குறைத்தார்கள். சீக்கிரம் சீக்கிரமாகப் பேனா கை மாறினால், கிழிக்க வேண்டிய பக்கங்களும் குறையும்.

இந்த யோசனையை முன்னதாகவே, 2022 டிசெம்பரில் எல்லாருக்கும் சொல்லி, கருத்துக் கேட்டார்கள். புத்தகம் வைத்திருக்கும் சரிபார்ப்போர் அப்போது ஏறக்குறைய 100 பேர். வாக்களித்தவர்களோ 15 பேர்தான். அதில் 87 சதவீதம் ஆதரவு. இதைப் படித்தபோது பாடசாலைப் பெற்றார் கூட்டம் நினைவுக்கு வந்தது. முடிவு நல்ல முடிவுதான். ஆனால் ‘நாங்கள் எல்லாரும் சேர்ந்து தீர்மானிக்கிறோம்’ என்று மேடைதோறும் சொல்கிறவர்கள், கேட்கும்போது வாய் திறந்திருக்க வேண்டாமா?

திட்டமிடுதல் என்றால் திகதி குறிப்பது மட்டும்தானா? மலையில் புதிய தேயிலை வகையை நேரே பெரிய மலையில் நட்டுவிடுவதில்லை. நாற்றுமேடையில் வைத்துப் பார்க்கிறோம். கவ்வாத்து வெட்டும்போதும் எல்லா மலைகளையும் ஒரே வருடத்தில் வெட்டுவதில்லை. வெட்டினால் ஸ்டோருக்குக் கொழுந்து எங்கிருந்து வரும்? வலையமைப்புக்காரர்களும் ஒத்திகைக்கென்றே, பெறுமதியில்லாத நாணயத்தோடு, தனிப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். பொலிகனின் ஒத்திகைப் புத்தகத்துக்கு மும்பாய் என்று பெயர். 2024இல் அமோய் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கி, மும்பாயை மூடிவிட்டார்கள்.

ஒத்திகை எவ்வளவு அவசியம் என்பதற்கு எத்தீரியத்தின் டென்குன் மாற்றம் நல்ல உதாரணம். பக்கத்துக் கொப்பிகள் தங்கள் சுருக்கத்தைக் குறைந்த செலவில் பெரிய புத்தகத்தில் பதிய வழி செய்த மாற்றம் அது. 2024 மார்ச் 13ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு மூன்று ஒத்திகைப் புத்தகங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார்கள்: ஜனவரி 17, ஜனவரி 30, பெப்ரவரி 7. முதல் ஒத்திகையிலேயே ஒரு மென்பொருளில் கோளாறு வெளிப்பட்டு, சில மணி நேரம் பக்கங்கள் உறுதியாகாமல் நின்றன. யாருக்கும் ஒரு சதமும் நட்டமில்லை. பழுதைத் திருத்திக்கொண்டு அடுத்த ஒத்திகைக்குப் போனார்கள். கல்யாணச் சமையலுக்கு முதல் நாள் ஒரு சட்டி புரியாணி ஆக்கிப் பார்ப்பது எதற்கு? உப்புக் கூடுவது நமக்குள்ளேயே கூடட்டும் என்றுதானே!

ஆனால் எல்லா நேரமும் ஒத்திகைக்கு அவகாசம் கிடைப்பதில்லை, சகோதரிகளே. 2021 டிசெம்பர் 3ஆம் திகதி, பிறர் மென்பொருளில் உள்ள ஓட்டைகளை நல்ல நோக்கத்தோடு தேடிச் சொல்பவர் ஒருவர், பொலிகனின் அடிப்படை ஒப்பந்தத்திலேயே ஒரு பெரிய ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்துத் தெரிவித்தார். அந்த ஓட்டை வழியாக 900 கோடிக்கும் மேற்பட்ட மெட்டிக் நாணயங்களை எவரும் எடுத்துப் போயிருக்கலாம். நினைத்துப் பாருங்கள். வெளியே சொன்னால் திருடனுக்கும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால், எல்லாருக்கும் தெரிவித்து மாற்றுவது என்ற முறையே உடைகிறது. அவர்கள் சொல்லவில்லை. சரிபார்ப்போரை மட்டும் இரகசியமாக அழைத்து, டிசெம்பர் 5ஆம் திகதி மாற்றத்தைச் செய்து முடித்தார்கள். அதற்குள் யாரோ ஒருவர் 8,01,601 மெட்டிக்கை எடுத்துவிட்டார். அந்த நட்டத்தைத் தாங்களே ஏற்றுக்கொள்வதாகப் பொலிகன்காரர்கள் சொன்னார்கள். ஓட்டையைக் காட்டிக் கொடுத்தவர்கள் இருவர். அவர்களுக்கு ஏறக்குறைய 34 இலட்சத்து 60 ஆயிரம் டொலர் பெறுமதியான சன்மானம் கிடைத்தது. விவரம் முழுவதையும் டிசெம்பர் 29ஆம் திகதிதான் வெளியிட்டார்கள்.

இது சரியா என்று பலர் கேட்டார்கள். குசினியில் காஸ் கசிந்தால் முதலில் சிலிண்டரைப் பூட்டிவிட்டுத்தான் வீட்டாரைக் கூப்பிடுவோம். அதனால் டிசெம்பர் 5ஆம் திகதியை நான் குறை சொல்ல மாட்டேன். 24 நாள் கழித்துச் சொன்னது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. ஓட்டை அடைபட்டது உறுதியானதும், ‘ஓர் அவசர மாற்றம் செய்தோம், காரணம் பிறகு விளக்குவோம்’ என்றாவது எல்லாருக்கும் புரியும்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏனென்றால் இரகசியமாக மாற்றக்கூடிய கைகள் இருக்கின்றன என்பதும் அன்றுதான் சாதாரண மக்களுக்குத் தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து, 2022 மார்ச்சில், இன்னொரு பாடம். ஒரு மாற்றத்தைச் செய்த பிறகு, பொலிகன் ஏறக்குறைய 11 மணி நேரம் நின்றுபோனது. நான் சொன்ன றாத்தல், கிலோ கதைதான். மென்பொருள் கோளாறினால் சரிபார்ப்போரின் புத்தகங்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டுவிட்டன. மூன்றில் இரண்டு பங்கு ஒத்துப்போனால்தான் பக்கம் உறுதியாகும். அந்த மூன்றில் இரண்டு கிடைக்கவில்லை. காசு எங்கும் போகவில்லை. ஆனால் அந்த 11 மணி நேரமும் யாராலும் அனுப்பவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. மருத்துவமனையில் பிள்ளையை வைத்துக்கொண்டு காசுக்குக் காத்திருப்பவருக்கு 11 மணி நேரம் எவ்வளவு நீளம் என்று யோசித்துப் பாருங்கள்.

‘இதெல்லாம் நாணயம் வாங்குகிறவர்களின் கவலை, நமக்கென்ன?’ என்று சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் எட்டபள்ளி என்று ஓர் ஊர். காடு சூழ்ந்த இடம். பழங்குடி மக்கள் அதிகம். அங்கே 2022இல், 65,000 சாதிச் சான்றிதழ்களை இதே பொலிகனில் பதிந்து கொடுக்கும் வேலையை அரசாங்க அலுவலகம் தொடங்கியது. சான்றிதழ் மக்கள் கையில் இருக்கும். அதன் கைரேகை போன்ற ஓர் அடையாளம் மட்டும் அந்தப் பொதுப் புத்தகத்தில் இருக்கும். யாராவது போலிச் சான்றிதழ் செய்தால் கைரேகை பொருந்தாது. நல்ல யோசனை.

மலையகத்தில் இருக்கும் நமக்கு ஒரு கடதாசியின் பெறுமதி சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்தவர்களின் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எத்தனை குடும்பங்களில் பிறப்புப் பதிவு இல்லை! லயத்தில் தீப்பிடித்துப் பெட்டியோடு போனவை எத்தனை, மண் சரிந்து புதைந்தவை எத்தனை! அழியாத ஒரு பொதுப் புத்தகத்தில் நம் பிள்ளைகளின் பத்திரம் பதிவாகும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் சான்றிதழ் என்பது நாற்பது, ஐம்பது வருடச் சாமான். வலையமைப்போ ஒவ்வொரு வருடமும் மாறுகிறது. நல்ல மாற்றம் என்றால் பழைய பக்கங்கள் அப்படியே இருக்கும். இனி எழுதப்போகும் பக்கங்களுக்கே புதிய முறை. அதில் பயமில்லை. பயம் வேறிடத்தில். பொலிகன் நிறுவனமே 2023இல் தொடங்கிய இன்னொரு கொப்பியை, அதன் பெயர் சீகே ஈவிஎம், 2026இல் மூடிவிடப் போவதாக 2025 ஜூனில் அறிவித்தது. எட்டபள்ளிச் சான்றிதழ்கள் பதிந்தது அந்தக் கொப்பியில் அல்ல. அதனால் அவற்றுக்கு அந்த அறிவிப்பால் பாதிப்பில்லை. ஆனால் மூடவும் கூடும் என்பது தெரிந்துவிட்டது அல்லவா? காசு வைத்திருப்பவர் அறிவிப்பைப் பார்த்து வேறிடத்துக்கு மாற்றிக்கொள்வார். தன் பிள்ளையின் பத்திரம் எந்தக் கொப்பியில் பதிந்திருக்கிறது என்றே தெரியாத தாய் என்ன செய்வாள்? நாளைக்கு நம் பிரதேச செயலகத்திலோ வேறெங்கோ ‘பிளாக்செயினில் போடுகிறோம்’ என்று சொன்னால், மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: “இது மூடப்பட்டால் பழைய பக்கங்களை யார் சுமந்துகொண்டு போவார்கள்?” பதில் வரும்வரை கையில் இருக்கும் கடதாசியை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். நகலும் எடுத்து வையுங்கள்.

பொலிகன் 2025இலும் பெரிய மாற்றங்களைச் செய்தது. ஜூலை 1ஆம் திகதி பிலாய். ஜூலை 10ஆம் திகதி ஹெய்ம்டால் என்ற அடிப்படைப் பகுதியையே புதுப்பித்தார்கள். முன்பு ஒரு பக்கம் இனிக் கிழியாது என்று உறுதியாக ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அது ஏறக்குறைய 5 விநாடியானது. ஒத்திகை பார்த்துச் செய்த வேலை. ஆனாலும் அதே ஜூலை 30ஆம் திகதி அந்தப் புதிய பகுதி ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது. சரிபார்ப்போரில் ஒருவர் விலகிச் சென்றபோது வெளிப்பட்ட, யாரும் எதிர்பாராத ஒரு பழுது. 11 மணி நேரம் ஒரு மணி நேரமாகக் குறைந்ததை முன்னேற்றம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த நாணயங்களை வாங்கலாமா, கூடுமா கூடாதா என்ற கேள்விக்கு நான் இங்கே பதில் சொல்லவில்லை. உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. இந்தோனேசிய உலமா சபை 2021 நவம்பரில், இதைப் பணமாகப் பயன்படுத்துவது ஹராம் என்று சொன்னது. உங்கள் பகுதி ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டப்படி பார்த்தால், இலங்கை மத்திய வங்கி 2018 முதல் பல தடவை பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. வங்கி அட்டைகளைக் கொண்டு இவற்றை வாங்க முடியாதென்று 2021இல் பணிப்புரையும் வந்தது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வீட்டுச் செலவுக்கு அனுப்பும் காசு வங்கி வழியாக வருவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். ராத்தாவிடமும் அதையே சொன்னேன்.

சரி, அந்தச் செய்திக்கு வருகிறேன். அது பொய் என்று எப்படித் தெரியும்?

இவ்வளவு நேரம் சொன்னதில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். டில்லியிலும் சரி, டென்குனிலும் சரி, பிலாயிலும் சரி, மென்பொருளை மாற்றியவர்கள் யார்? புத்தகம் வைத்திருப்பவர்கள். கொப்பியில் பற்று உள்ள சாதாரண மனிதரின் கணக்கு அப்படியே இருந்தது. கடை நானா பழைய கொப்பியை மூடிப் புதிய கொப்பி போடும்போது உங்கள் அலுமாரிச் சாவியைக் கேட்பாரா? 2024 செப்டெம்பரிலும் அப்படித்தான். பொலிகன் வலையமைப்பிலேயே இருந்த மெட்டிக் எல்லாம் தாமாகவே, ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில், பொல் ஆகிவிட்டன. எத்தீரியத்தில் மெட்டிக் வைத்திருந்தவர்கள் தாங்களே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்களிடமும் எவரும் அந்த 12 சொற்களைக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். அந்தச் சொற்கள்தான் சாவி. அவற்றை எழுதிக் கொடுத்தால் காசு போகும் திசையைக் கண்ணால் பார்க்கலாம், திருப்பி அழைக்க முடியாது. வங்கியைப் போல முறையிட ஒரு மெனேஜரும் அங்கே இல்லை.

ஆகவே மாற்றம் பற்றிய செய்தி எந்த வழியில் வந்தாலும், திகதி சரியாக இருக்கிறதே, பெயர் சரியாக இருக்கிறதே என்று பார்த்து நம்பிவிடாதீர்கள். திகதியும் பெயரும் எல்லாருக்கும் தெரிந்தவை, திருடனுக்கும் தெரியும். உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். இரகசியச் சொற்களையோ வங்கியின் இரகசிய எண்ணையோ கேட்டால், அத்துடன் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். செய்தியை வேறு யாருக்கும் தள்ளிவிடவும் வேண்டாம். ஏற்கனவே ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பொலிஸிலும் முறையிடலாம், இணைய மோசடிகளுக்கென்றே இருக்கும் ‘ஸ்ரீலங்கா சேர்ட்’ நிறுவனத்துக்கும் அறிவிக்கலாம். ஒரு வீட்டில் நடந்தது தெரிந்தால் அடுத்த வீடு தப்பும்.

ராத்தா எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதலாம் என்று மகள் பேனாவை எடுத்தபோது, “யாருக்கும் காட்ட வேண்டாம் உம்மா” என்று மகன் சொன்னது நினைவுக்கு வந்து, மழையில் இறங்கி நடந்திருக்கிறார். அன்று மஃரிபுக்குப் பிறகு மகனே கோல் எடுத்தான். தன் போனில் மெட்டிக் என்ற பெயர் போய், பொல் என்று வந்துவிட்டது, தான் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னான்.

“அப்படியென்றால் இந்தத் தாளை என்ன செய்ய?” என்று ராத்தா கேட்டார்.

“இருந்த இடத்திலேயே இருக்கட்டும் உம்மா” என்றான்.

பெருநாளைக்கு எடுத்த சேலையின் மடிப்புக்குள் அது இருக்கிறது என்று என்னிடம் மட்டும் சொன்னார். இதை எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, முதல் வேலையாக இடத்தை மாற்றிவிட்டுத்தான் அனுமதி தந்தார்.